அஞ்சாவது முகம்

படி ஏறும்போதே கேட்டிருப்பீங்களே, டக், டக்குன்னு ஒரு சத்தம்? ரெண்டாவது மாடி திரும்பும்போதே கேக்கும். பயப்படாதீங்க தம்பி, வெறும் தாழ்ப்பாள். எம் பொண்ணு மோனிஷா. போட்டுப் பாப்பா, எடுத்துப் பாப்பா. பூட்டுதா, திறக்குதா, கதவு கதவாத்தான் இருக்குதான்னு பாத்துக்கினே இருப்பா. நீங்க வந்து நின்னதும் நிறுத்திட்டா பாருங்க. மரியாதை தெரிஞ்ச பொண்ணு.

உள்ள வாங்க. செருப்ப உள்ளயே வுடுங்க, வெளிய வுட்டா வேற கால்ல ஏறிப் போயிடும். இங்க இடம் இவ்ளோதான், அந்த மூட்டைய ஒதுக்கிட்டு உக்காருங்க. பூண்டு நெடி கொஞ்ச நேரத்துல பழகிடும். ஓட்டலுக்கு உரிச்சுத் தர்றோம். ராத்திரியில நகைக்கடை வாசல்ல வாட்ச்மேன், பகல்ல பூண்டு. தூக்கம்னு ஒண்ணு நடுவுல எங்கயோ இருக்குதாம், நானும் தேடிக்கினுதான் இருக்கேன்.

நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு தெரியும். உங்க குடியிருப்புல மளிகைக்கடை வச்சிருக்கிற மஸ்தான் பாய் காலையிலயே போன் பண்ணிட்டாரு. ‘ஏகாம்பரம், நம்ம ஆளு ஒருத்தர அனுப்புறேன். வீடு இடிச்சதுலேருந்து அவரு பையன் வாயே திறக்கறதில்ல. புள்ளைங்க மனசு பாக்குற வேன் இப்ப எங்க பக்கம் வருதாம். என்ன கேப்பாங்க, என்ன சொல்லணும்னு ஒரு வார்த்த சொல்லிக் குடு’ன்னாரு. சரியான ஆளுகிட்டதான் அனுப்பியிருக்காரு. உங்களுக்கு வர்றதுக்கு முன்னாடி அந்த வேன் ஒரு வருஷம் இங்கதான் வந்தது. எங்ககிட்டேருந்து புடுங்கித்தான் உங்களுக்குக் குடுத்திருக்காங்க. அதுல எனக்கு வருத்தம் உண்டு. உங்க மேல இல்ல தம்பி, நீங்க என்ன பண்ணுவீங்க. அவங்க மேல. அதச் சொல்லிட்டுத்தான் மத்ததுக்கு வரணும், இல்லன்னா உங்களுக்குப் புரியாது.

இங்க வெறும் ஏகாம்பரம்னு கேட்டா யாருக்கும் தெரியாது. ‘மனு’ ஏகாம்பரம்னு கேக்கணும். எட்டாவது வரைக்கும்தான் படிப்பு. மீதியெல்லாம் நகைக்கடை வாசல்ல உக்காந்து பழைய பேப்பரப் படிச்சிப் படிச்சி நானா ஏத்திக்கினது. ‘மேற்படி’ எங்க போடணும், ‘கனிவுடன்’ எங்க போடணும்னு என்னைக் கேளுங்க. வக்கீலு கூட என்கிட்ட வந்து எழுதிக்கினு போயிருக்காரு. சரி, வக்கீல் குமாஸ்தா.

ஆத்தங்கரையில இருந்தப்ப கணக்கெடுக்க வந்தாங்க இல்ல, உங்க பக்கமும் வந்திருப்பாங்களே. எழுதறதுக்கு ஒரு பொண்ணு, பின்னாடி ஒரு ஆபீசர். ‘பயப்படாதீங்க, உள்ளத உள்ளபடி சொல்லுங்க’ன்னு சிரிச்சிக்கினே சொன்னாரு. அந்தச் சிரிப்பப் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சிபோச்சு. நான் முந்தின நாளே வீடு வீடாப் போய்ச் சொல்லி வச்சிருந்தேன். கேட்டதுக்கு மட்டும் பதில். நீட்டக் கூடாது, இழுக்கக் கூடாது, மூக்கச் சிந்தக் கூடாது. ‘எத்தினி வருஷமா இருக்கீங்க?’ ‘பொறந்ததுலேருந்து.’ ‘வேற எங்கனா தங்குறீங்களா?’ ‘இல்ல சார்.’ முடிஞ்சிது. அதிகாரி எழுதற பேனா எவ்ளோ சீக்கிரம் நிக்குதோ அவ்ளோ நமக்கு நல்லது. அது எழுதிக்கினே போச்சுன்னா நம்ம கதை கந்தல்.

எங்க வரிசையில எல்லாரும் அப்படியே சொன்னாங்க, எல்லாருக்கும் வீடு வந்துது. தெய்வானை ஒருத்தியத் தவிர. ‘மழைக்காலத்துல ஆத்துத் தண்ணி உள்ள ஏறிடும் சார், அப்ப தங்கச்சி வூட்டாண்ட போய் இருப்போம்’னு சொன்னா. நிஜம்தான். நாங்க எல்லாருமே மழைக்கு எங்கனா ஒண்டிக்கிறவங்கதான். ஆனா சொன்னது அவ ஒருத்திதான். ‘வேறிடத்தில் வசிக்கிறார்’னு எழுதிட்டாங்க. இப்ப மேம்பாலத்துக்குக் கீழ இருக்கா. பொங்கலுக்குப் பாத்தேன், ‘நீ சொன்னப்பவே கேட்டிருக்கணும் ஏகா’ன்னு அழுதா. அதான் சொல்றேன், என் பேச்சு ஒண்ணும் காத்துல வந்தது இல்ல.

சரி, இவ கதைக்கு வர்றேன்.

நாளைக்கு இடிக்கிறோம்னு சொல்லிட்டு அன்னைக்கே மெஷினோட வந்துட்டாங்க. இவ அப்ப மூணாங்கிளாஸ். காலையிலயே ஸ்கூலுக்குப் போயிட்டா. இங்க ஏத்து, ஏத்துன்னு ஒரே விரட்டு. சாமான் லாரியோட போனாத்தான் சாவி கையில தருவாங்க. நான் லாரிய வுட்டு எறங்க முடியுமா, நீங்களே சொல்லுங்க? அம்சா, என் சம்சாரம், லாரி மேலேருந்து அவ தங்கச்சியப் பாத்து ‘மோனிய இட்டுனு வந்துடு’ன்னு கத்தினா. எஞ்சின் சத்தத்துல அவளுக்கு ‘இட்டுனு வந்துடறேன்’னு கேட்டுச்சாம். வார்த்தையோட வால்தான் மாறிச்சு. அவ எங்கள நம்பிட்டா, நாங்க அவள நம்பிட்டோம்.

புள்ள ஸ்கூல் வுட்டு வந்து பாத்தா வீடு இல்ல. தெருவே இல்ல. எல்லாம் செங்கல் குவியல். அதுல நம்ம குவியல் எதுன்னு எப்படியோ கண்டுபுடிச்சிருக்கா. நாங்க பச்சை சுண்ணாம்பு அடிச்சிருந்தோம், அந்தச் சுவத்துத் துண்டு கெடந்திருக்குது. அது மேல பையோட ஏறி உக்காந்துட்டா. நான் திரும்பிப் போறதுக்குள்ள இருட்டிக்கினு வந்துடுச்சி. அழல தம்பி. கத்தல. ‘வீட்டப் பாத்துக்கினு இருந்தேம்பா’ன்னா. அவ்ளோதான் சொன்னா.

நடந்தது இவ்ளோதான். யாரும் அடிக்கல, யாரும் தொடல. ஆனா இந்த வீட்டுக்கு வந்ததுலேருந்து ஸ்கூலுக்குப் போன்னா கதவு நிலையப் புடிச்சிக்கினு விடமாட்டா. ‘நான் போயிட்டு வந்தா வீடு இருக்காது’ன்றா. அடிச்சிப் பாத்தேன், பரோட்டா வாங்கித் தந்து பாத்தேன். மந்திரிச்சோம். தர்காவுல ஓதித் தாயத்துக் கட்டினோம். தாயத்து இருக்குது, பயமும் இருக்குது.

அப்பதான் மேற்படி வேன் வந்தது. வெள்ளை வேன், பக்கத்துல பட்டாம்பூச்சி வரைஞ்சிருக்கும். உங்களுக்கும் அதே வேன்தான வருது? ஓட்டறவருக்கு ஒரு காது கேக்காது, அவருகிட்ட சத்தமாப் பேசணும். வாராவாரம் வந்து ரேஷன் கடைக்கு மேல இருக்கிற ரூம்ல பாய் விரிச்சி உக்காருவாங்க. ஷைனி மேடம்தான் தலைமை. சின்ன வயசு, நாகர்கோவில் பக்கம். புள்ளைங்கள எல்லாம் ‘வாங்க மக்களே, இருங்க மக்களே’ன்னு கூப்பிடுவாங்க. அவங்க ஊர்ல ஒத்தப் புள்ளையக் கூட அப்படித்தான் கூப்பிடுவாங்களாம். எங்க ஜெசிந்தா, எதிர்வீட்டுப் பொண்ணு, வாய் கொழுப்பு ஜாஸ்தி அதுக்கு, ‘எந்தக் கட்சி மேடம் நீங்க?’ன்னு கேட்டுடுச்சி. மேடம் கோச்சிக்கல. ‘உன் கட்சிதான் மக்களே’ன்னு சொல்லி உக்கார வச்சிக்கினாங்க.

நல்லவங்கதான். நான் இல்லன்னு சொல்லல. இவ வீட்ட வுட்டு எறங்கமாட்டான்னு தெரிஞ்சதும் அவங்களே மாடி ஏறி வந்தாங்க. இதோ நீங்க உக்காந்திருக்கிற எடத்துலதான் உக்காந்தாங்க. ஒண்ணும் கேக்கல. இவ தாழ்ப்பாள் போட்டுப் போட்டு எடுக்கறதப் பாத்துக்கினே இருந்தாங்க. அப்பறம் பையிலேருந்து ஒரு சிவப்புத் துணிய எடுத்து நம்ம கதவு வளையத்துல முடிச்சுப் போட்டாங்க. ‘அந்த ரூம் ஜன்னல்லேருந்து பாத்தா இந்தத் துணி தெரியும் மக்களே. தெரியலன்னா உடனே எந்திரிச்சி ஓடி வந்துடு’ன்னாங்க. இங்க பாத்தீங்க இல்ல, கதவெல்லாம் ஒரே ப்ரௌன் கலரு, வரிசையா பல்லு மாதிரி. துணி இருந்தா அடையாளம். இவ என்ன நினைச்சாளோ, அந்தம்மா கையப் புடிச்சிக்கினு எறங்கிப் போனா. ஜன்னல் பக்கம் உக்கார வச்சாங்க. அரை மணி நேரம் இருந்தா. என் சம்சாரம் வேலையிலேருந்து வந்து, நான் சொன்னதக் கேட்டு வாசல்லயே குந்திட்டா.

‘மெதுவா இப்படியே கொண்டு போகணும் அண்ணே. ஜன்னல்லேருந்து வாசல், வாசல்லேருந்து தெருமுனை, அப்பறம் ஸ்கூலு. அவசரப்பட்டா திரும்ப முதல்லேருந்துதான்’னு மேடம் என்கிட்ட சொன்னாங்க. நான் தலையாட்டினேன்.

ஆனா தம்பி, நான் கவனிச்ச விஷயம் வேற. இதத்தான் நீங்க நல்லாக் கேட்டுக்கணும். அங்க அஞ்சு அட்டை வச்சிருந்தாங்க. ஒவ்வொண்ணுலயும் ஒரு முகம். முதல் முகம் கண்ணுல தண்ணி ஊத்தி அழுவுது. ரெண்டாவது வாய கோணிக்கினு இருக்குது. மூணாவது சும்மா, ரேஷன் க்யூவுல நிக்கிற மூஞ்சி. நாலாவது லேசாச் சிரிக்குது. அஞ்சாவது பல்லு தெரியச் சிரிக்குது. ‘இன்னைக்கு உன் மனசு எந்த முகம்? தொட்டுக் காட்டு மக்களே’ன்னு கேப்பாங்க. முதல் நாள் பின் ப்ளாக் பையன் ஒருத்தன் அழுவுற முகத்தத் தொட்டுட்டான். அவ்ளோதான். மேடம் பேனாவ எடுத்தாங்க, எழுதினாங்க, எழுதினாங்க, பக்கத்தத் திருப்பி எழுதினாங்க. அடுத்த பொண்ணு அஞ்சாவதத் தொட்டுச்சி. ஒரு டிக்கு. முடிஞ்சிது.

போதாதா எனக்கு? அது பரீட்சை தம்பி. பொம்மை போட்ட பரீட்சை.

அதுக்கு முன்னாடியே இங்க ஒரு பேச்சு இருந்தது, அழுவுற புள்ளைங்கள எல்லாம் தூக்கினு போய் ஹோம்ல போட்டுடுவாங்க, ‘மனநிலை சரியில்ல’ன்னு முத்திரை குத்திட்டா பொண்ணுக்குக் கல்யாணம் ஆகாதுன்னு. யாரு சொன்னாங்க? எல்லாரும்தான் சொன்னாங்க. மறு வாரம் வேன் வர்றதுக்குள்ள இந்த மாடிப்படி வளைவுல புள்ளைங்கள எல்லாம் வரிசையா உக்கார வச்சேன். சிலேட்டுல அஞ்சு முகம் போட்டேன். ‘எந்த முகத்தத் தொடணும்?’ ‘அஞ்சாவது மாமா!’ ‘தூங்குனியான்னு கேட்டா?’ ‘நல்லாத் தூங்குனேன் மேடம்!’ ‘அப்பா குடிப்பாரான்னு கேட்டா?’ ‘டீ குடிப்பாரு மேடம்!’ அந்த ஜெசிந்தா மட்டும், ‘மாமா, எனக்கு முன்னாடிப் பல்லு வுழுந்துடுச்சி, நான் நாலாவதத் தொட்டுக்கவா?’ன்னுது. சிரிச்சி வயிறு வலிச்சிது எனக்கு. எவ்ளோ நாள் கழிச்சிச் சிரிச்சேன் தெரியுமா.

படமும் வரையச் சொல்வாங்க. ‘உங்க வீட்ட வரை’ன்னு. இவ என்ன வரைஞ்சா தெரியுமா? வீடு, அது மேல கயிறு. சுத்திச் சுத்திக் கயித்தால கட்டியிருக்குது. ஒரு முனைய இவ புடிச்சிக்கினு நிக்கிறா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சி. கயிறுன்னா என்ன நினைப்பாங்க? குடும்பத்தோட தூக்குல தொங்கப் போறோம்னு இல்ல எழுதுவாங்க? மேடம் அத ரொம்ப நேரம் கையில வச்சிக்கினு இருந்தாங்க. ‘இத நான் வச்சிக்கட்டுமா’ன்னு இவள வேற கேட்டாங்க. அன்னைக்கே சிலேட்ட எடுத்தேன். மலை ரெண்டு, நடுவுல சூரியன், ஒரு ஓட்டு வீடு, பக்கத்துல தென்னமரம், முன்னாடி ஆறு. எல்லாருக்கும் கத்துக்குடுத்தேன். அடுத்த வாரம் எல்லாப் புள்ளையும் அதையே வரைஞ்சிட்டாங்க. மேடம் ஒவ்வொண்ணாப் பாத்து, ‘எல்லாரும் ஒரே வீட்டுலயா இருக்கீங்க மக்களே?’ன்னாங்க. நான் வாசல்ல நின்னுக்கினு பெருமையா இருந்தேன். மூணாவது மாடியில குடியிருக்கிற புள்ளைங்களுக்கு மலையடிவாரத்துல வீடு கட்டிக் குடுத்துட்டேன் பாத்தீங்களா.

அப்ப மேடம் என்னைத் தனியாக் கூப்பிட்டாங்க. ‘அண்ணே, இங்க சரியான பதில்னு ஒண்ணு கெடையாது. அவங்க மனசுல உள்ளதச் சொன்னாப் போதும். தப்பாச் சொல்லிட்டாங்கன்னு எதுவும் ஆகாது’ன்னாங்க. நான் ‘சரிங்க மேடம்’னேன். உள்ளுக்குள்ள சிரிப்பு. உள்ளத உள்ளபடி சொல்லுங்கன்னு அந்த ஆபீசரும் இதேதான சொன்னாரு? அதே வார்த்தை, அதே சிரிப்பு. தெய்வானை முகம் என் கண்ணு முன்னால வந்துட்டுப் போச்சு.

ஒரு தரம் மட்டும் கொஞ்சம் கை மீறிப் போகப் பாத்தது. முந்தின நாள் மழை. தண்ணி ஏறுமோன்னு இவ தூங்கவேயில்ல. மூணாவது மாடிக்குத் தண்ணி எப்படிடி ஏறும்னா கேக்கமாட்டா. அடுத்த நாள் மேடம் அட்டைய விரிச்சாங்க. இவ விரல் முதல் முகத்தாண்ட போகுது. அந்தக் கண்ணீர் மேலயே போய் நிக்குது. இன்னும் நூலளவுதான். நான் வெளியில நின்னுக்கினு லேசாச் செருமினேன். சும்மா, தொண்டை சரி பண்ற மாதிரி. விரல் நின்னுச்சி. என்னை ஒரு பார்வை பாத்தா. அப்படியே நகந்து போய் அஞ்சாவதத் தொட்டா. எவ்ளோ சொன்னாப் புரிஞ்சிக்கிற பொண்ணு பாருங்க.

அம்சாவுக்கு இதெல்லாம் புடிக்கல. அவ முதல் பஸ்ஸுக்குப் போய் கடைசியா வர்றவ, கம்பெனியில துடைக்கிற வேலை. மேடத்த ஒரு நாள் கூடப் பாத்ததில்ல. ‘யோவ், உன் மனு எழுதுற புத்தியப் புள்ளகிட்ட காட்டாத. வைத்தியம் பாக்க வந்தவங்ககிட்ட வலி இல்லன்னு சொன்னா என்னாத்தய்யா பாப்பாங்க? நான் ஒரு நாள் லீவு போட்டுட்டு வந்து சொல்றேன்’னா. ‘லீவு போட்டா வேலை போச்சு, உனக்கு அதிகாரிங்ககிட்ட பேசத் தெரியாது, தெய்வானை மாதிரி ஒளறிடுவ’ன்னு நான்தான் அடக்கி வச்சேன். அவளுக்கு வெளியுலகம் தெரியாது தம்பி.

அப்படியே ஒரு வருஷம். அப்பறம் மேலேருந்து யாரோ ரெண்டு பேரு வந்து பாத்தாங்க. இந்தக் குடியிருப்புல புள்ளைங்க எல்லாம் நல்லா முன்னேறிட்டாங்க, வேன் ஒண்ணே ஒண்ணுதான், இன்னும் கஷ்டத்துல இருக்கிற எடத்துக்குப் போகணும்னு முடிவு பண்ணிட்டாங்க. மேடம் என்னைத் தேடி இங்க வந்தாங்க. முகமே சரியில்ல. ‘அண்ணே, உங்கள ஒண்ணு கேக்குறேன், மனசத் தொட்டுச் சொல்லுங்க. மோனிஷா எப்படி இருக்கா? நைட்டு தூங்குறாளா? ஸ்கூலுக்குப் போறாளா? நீங்க ஒரு வார்த்தை சொன்னா இவ ஒருத்திக்காக மட்டும் நான் கேட்டு வாங்கிட்டு வருவேன்’னாங்க.

வாசப்படியில நின்னு ஒரு அதிகாரி கேக்குறாங்க. நான் என்ன சொல்ல முடியும்? ‘அருமையா இருக்கா மேடம். டெய்லி ஸ்கூலுக்குப் போறா’ன்னேன்.

மேடம் இவ தலையத் தடவினாங்க. போயிட்டாங்க.

கடைசி நாள் நாங்க சும்மா அனுப்பல. பொன்னாடை போத்தினோம். நான் ரெண்டு வார்த்தை பேசினேன், ‘தங்கள் சேவையால் எங்கள் மழலைச் செல்வங்கள் புன்னகை பூத்தன’ன்னு. மேடம் அழுதாங்க. பாசம்.

இப்ப நான் டெய்லி போறான்னு சொல்லிட்டேன் இல்ல? சொன்னத நிஜமாக்கிடணும் இல்ல? நான் பொய் சொல்ற ஆளு கெடையாது. அடுத்த திங்கக்கிழமை இவளத் தூக்கிக்கினு போய் ஸ்கூல்ல உக்கார வச்சேன். என் சட்டையப் புடிச்சிக்கினு விடல. ‘நான் வீட்டு வாசல்லயே உக்காந்திருக்கேன். கதவ விட்டு அசைய மாட்டேன். நீ வந்து பாரு’ன்னு தலையில அடிச்சிச் சத்தியம் பண்ணேன். அப்பறம்தான் கைய விட்டா.

உக்காந்துதான் இருந்தேன். மதியம் கவுன்சிலர் வீட்லேருந்து ஆள் வந்தான், தலைவர் கூப்பிடுறாரு, வேன திரும்பக் கொண்டாரதப் பத்திப் பேசணும்னு. இவளுக்காகத்தான போறேன்? கதவப் பூட்டிக்கினு போனேன். அந்தச் சிவப்புத் துணி, அத காலையிலயே அவுத்துட்டேன். கேஸு முடிஞ்சிபோச்சே, பாக்கறவன் ஏதோ நோய் வந்த வீடுன்னு நினைப்பான். அங்க கவுன்சிலர் சாப்பிட்டு வர்றதுக்கு நேரமாயிடுச்சி. காத்திருக்கணும் இல்ல, பெரிய மனுஷன்.

இவ வந்திருக்கா. துணி இல்ல. கதவெல்லாம் ஒரே கதவு. ஒவ்வொண்ணா தட்டியிருக்கா. சில வீட்ல ஆளில்ல, சில வீட்ல தூக்கம் கெட்டுப்போச்சுன்னு திட்டியிருக்காங்க. ஜெசிந்தா அம்மா பாத்துட்டு, ‘இதுதாண்டி உன் வீடு’ன்னு காட்டியிருக்கா. நம்பலயாம். ‘எங்க வீட்ல எங்கப்பா இருப்பாரு’ன்னாளாம். நான் வரும்போது இந்தப் படிக்கட்டுல உக்காந்திருந்தா. பையோட. என்னைப் பாத்தா. ‘மோனி’ன்னேன்.

சிரிச்சா தம்பி. பல்லு தெரிய. அப்படியே அந்த அட்டையில இருக்கிற மாதிரி.

அதுலேருந்து பேச்சு கெடையாது. எது கேட்டாலும் அதே சிரிப்புதான். சாப்பிட்டியா? சிரிப்பு. பசிக்குதா? சிரிப்பு. ஐப்பசியில காய்ச்சல் வந்து ஒடம்பு அடுப்பு மாதிரி கொதிக்குது. டாக்டரு வயித்த அமுக்கி ‘எங்கம்மா வலிக்குது’ன்றாரு. சிரிக்கிறா. வேர்த்து ஊத்துது, கண்ணு ரெண்டும் மேல சொருகுது, சிரிக்கிறா. டாக்டரே கைய எடுத்துட்டாரு. ‘என்னங்க இது’ன்னாரு. நான் சொன்னேன், நல்ல பொண்ணு சார், யாரையும் சங்கடப்படுத்த மாட்டான்னு. அம்சா என்கூடப் பேசறத அதோட நிறுத்திட்டா. சோறு வைப்பா, பேசமாட்டா. தூக்கத்துல கூட இவ சிரிக்கிறத அவ பாத்தாளாம். பொம்பளைங்க எல்லாத்தையும் பெருசாக்குவாங்க.

நான் சும்மா இருக்கல. வேன திரும்ப அனுப்பச் சொல்லி மனு போட்டேன். ஒண்ணு இல்ல, நாலு. ‘மேற்படி குடியிருப்பில் உள்ள குழந்தைகள் அனைவரும் நலமுடனும் ஒழுக்கத்துடனும் முகமலர்ச்சியுடனும் இருந்து வருகிறார்கள், ஆகவே இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு’ன்னு அழகா ஆரம்பிச்சி எழுதியிருந்தேன். பதில் வந்துச்சி. நலமுடன் இருப்பது அறிந்து மகிழ்ச்சின்னு. அவ்ளோதான். இந்த ஓரவஞ்சனைய என்னன்னு சொல்றது? நல்லாப் பதில் சொன்ன புள்ளைங்களுக்கு வேன் கெடையாது, எங்கயோ அழுதுக்கினு இருக்கிற புள்ளைங்களுக்குப் போவுது. உங்க புள்ளையச் சொல்லல தம்பி.

சரி, என் பொலம்பல் இருக்கட்டும். விஷயத்துக்கு வாங்க. உங்க பையனுக்கு என்ன வயசு? ஏழா. நல்லது, சின்ன வயசுல சீக்கிரம் ஏறும். இடிக்கும்போது உள்ள இருந்தானா? கட்டிலுக்குக் கீழயா? ஐயோ. அத அங்க சொல்லாதீங்க. பேசாத புள்ளைக்கு இன்னும் சுலபம், தொட்டுக் காட்டினாப் போதும். இதோ இந்தப் பூண்டு அஞ்சு வைக்கிறேன் பாருங்க. இடதுகைப் பக்கத்துலேருந்து எண்ணணும். கடைசி. கண்ண மூடிக்கினு தொடற அளவுக்குப் பழக்கிடுங்க. படத்துக்கு மலை, சூரியன், ஆறு. நீங்க வாசல்ல அவன் கண்ணுக்குத் தெரியற மாதிரி நில்லுங்க. ஷைனி மேடம் தனியா வந்து கேட்டாலும் ஒரே பதில்தான். அவங்க பாவம் போல மூஞ்சிய வச்சிக்குவாங்க, அசரக்கூடாது.

என்ன தம்பி, எழுந்துட்டீங்க? ஏன் அவளையே பாக்குறீங்க?

என்ன கேட்டீங்க?

கட்டிலுக்குக் கீழ இருந்தத அப்படியே சொல்லிட்டா என்ன ஆகும்னா?

என்ன ஆகும்னா... அதான் சொன்னேனே, தெய்வானை... இல்ல, அது வீட்டுக் கணக்கு. இது வேற. அந்த மேடம்கிட்ட சொன்னா...

தெரியாது தம்பி. இங்க யாரும் அவங்ககிட்ட சொல்லிப் பாக்கல.

சரி. நீங்க கிளம்புங்க, பஸ் போயிடும். போற வழியில அந்தப் பூண்டு ஊறுற தண்ணிச் சட்டிய மட்டும் இப்படித் தள்ளிட்டுப் போங்க. ஓட்டல் ஆளு வர்றதுக்குள்ள இந்த மூட்டைய முடிக்கணும். மோனி, வாம்மா, இப்படி உக்காரு. பெரிய பல்லெல்லாம் நான் எடுத்துக்கறேன், நீ சின்னத உரி. நகத்த ஆழமா விடாத, எரியும்.